அப்பாவின் சங்கிலியோடு சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள்: எழும்பூர், மேடவாக்கம்

நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்தும் சரியாகத் தூங்கவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த பை, வண்டி குலுங்கும்போதெல்லாம் சலக் சலக் என்றது. தாம்பரம் தாண்டியதும் எதிர் பெர்த் பெரியவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"பைக்குள்ள என்ன அண்ணாச்சி, மாட்டுச் சங்கிலியா?"

நிலம் அளக்கிற சங்கிலி என்றேன்.

"இப்பவும் இதுலயா அளக்காக?"

இல்லை. எனக்கே பிழைப்பு டோட்டல் ஸ்டேஷன்தான், தூரத்தையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கிற எலக்ட்ரானிக் கருவி. பாளையங்கோட்டையில் லேஅவுட் போடுகிறவர்கள், ரோடு காண்ட்ராக்டர்கள் கூப்பிட்டால் மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். பையில் இருந்தது அப்பாவுடைய சங்கிலி. அவர் நில அளவைத் துறையில் செயின்மேன். சர்வேயர் இல்லை, செயின்மேன். சர்வேயர் நிழலில் நின்று எழுதுவார், அப்பா முள்ளுக்குள் சங்கிலி இழுப்பார். அதை அப்பாவே இப்படித்தான் சொல்வார், வருத்தமே இல்லாமல்.

செங்கல்பட்டுப் பக்கம் வேலையில் இருந்தபோது, 1984-இல், மேடவாக்கத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டார். அப்போது அது ஏரிக்கரையும் கருவேலமும். இப்போது தங்கச்சி வீடு அதில்தான் நிற்கிறது. கிழக்குப் பக்கத்து மனைக்காரர் போன வருஷம் காம்பவுண்டு சுவர் எழுப்பினார். சுவர் நம் பக்கம் வந்துவிட்டது என்பது தங்கச்சியின் வழக்கு. வரவில்லை என்பது அவருடையது. அரசு சர்வேயர் வியாழக்கிழமை வந்து அளக்கிறார். மனுப் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று தங்கச்சியிடம் கேட்டேன். "அதை மட்டும் கேட்காதே அண்ணே" என்றாள்.

இன்று திங்கள். நடுவில் இரண்டு நாள் சும்மா இருக்கிறது. எனக்கு ரொம்ப நாள் ஆசை ஒன்று உண்டு. இந்தியா முழுவதையும் அளந்த வேலை தொடங்கியது பரங்கிமலை அடிவாரத்தில். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைலுக்கு ஒரு நேர்கோடு. 1802-இல் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலி பிடித்து அளந்த கோடு. மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு தங்கச்சி வீட்டுப் பக்கமாகத்தான் போகிறது. சுவர்ச் சண்டைக்கு வந்த சாக்கில் அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பினேன்.

சாயந்திரம் மொட்டை மாடியில் மருமகனிடம் சங்கிலியைக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். சுருட்டிக் கட்டினால் விறகுக் கட்டு மாதிரி இருக்கும். இரண்டு பித்தளைப் பிடியையும் இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் கட்டை வீசினால் ஒரே வீச்சில் விரிய வேண்டும். எனக்குச் சிக்கிக்கொண்டது. அப்பாவுக்குச் சிக்கி நான் பார்த்ததில்லை.

பிடியிலிருந்து பிடிக்கு 66 அடி. அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். "இது என்ன மாமா கிறுக்குக் கணக்கு?" என்றான். கிறுக்கு இல்லை. 1620-இல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் யோசித்துச் செய்த கணக்கு. 80 சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதாவது ஒரு லட்சம் சதுர லிங்க். அப்படியானால் ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கில் பெருக்கி, கடைசி மூன்று இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வைத்தால் சென்ட் வந்துவிடும். வரப்பில் உட்கார்ந்து வாய்க்கணக்காகவே போடலாம். ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி என்று ஊரில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளி ஆறு வந்தது இந்தச் சங்கிலியிலிருந்துதான்.

பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கும். பத்தில் ஒரு பல், இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு. நடுவில், ஐம்பதில், பல்லே இல்லாத வட்டம். மறு முனையிலிருந்தும் இதே வரிசை. எந்தப் பக்கத்திலிருந்தும் அளக்கலாம் என்பது வசதி. நாலு பல் தகடு நாற்பதா அறுபதா என்பது வில்லங்கம். அசந்தால் இருபது லிங்க் போச்சு. அப்பா கண்ணால் பார்க்கவே மாட்டார், தகட்டைக் கட்டைவிரலால் தடவிவிட்டுச் சொல்வார். வட்டம் கையைத் தாண்டிப் போயிற்றா இல்லையா என்பது மட்டும் அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மருமகன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பல்லைத் தடவி "முப்பது" என்றான். எழுபது. நாளைக்கு மலை.

இரண்டாம் நாள்: பரங்கிமலை

காலை ஏழு மணிக்கே படி ஏறிவிட்டேன். மூச்சு வாங்கியது. உயரம் முந்நூறு அடிதான். ஆனால் உச்சியில் நின்றால் சென்னை முழுக்கக் காலடியில் விரியும். மேற்கே விமான நிலைய ஓடுபாதை, கிழக்கே தூரத்தில் கடல். போர்த்துகீசியர் காலத்துத் தேவாலயம், மெழுகுவத்தி வாசனை, காலை நேரத்து ஜெபம். லாம்ப்டனுக்கு இங்கே ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் முன் செல்ஃபி எடுத்த கல்லூரிப் பையன்களிடம் யார் இவர் என்று கேட்டேன். "சர்ச் கட்டினவர் சார்" என்றான் ஒருவன். சரி, இருக்கட்டும்.

கோட்டின் வடமுனை உச்சியில் இல்லை, அடிவாரச் சமவெளியில் பழைய குதிரைப் பந்தயத் திடல் பக்கத்தில். 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கினார்கள். இப்போதும் தேசிய நில அளவை நாள் என்று கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். முடித்தது மே 22. தேதியைக் கவனியுங்கள். பாதி வேலை அக்னி நட்சத்திரத்தில். சென்னையில் கத்திரி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நடக்கவே நமக்கு முடியாது, இவர்கள் ஏழரை மைலை நூறு நூறு அடியாக அளந்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கிலி கன்டர் சங்கிலி இல்லை. லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்ற கருவித் தச்சர் செய்த நூறு அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளக் கம்பிகள் நாற்பது. அது முதலில் போனது சீனச் சக்கரவர்த்திக்கு, 1793-இல் மெக்கார்ட்னி தூதுக் குழு எடுத்துப்போன பரிசுப் பொருள்களில் ஒன்றாக. சக்கரவர்த்தி இந்தச் சாமான்களையெல்லாம் மதிக்கவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்ற விஞ்ஞானி கையோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரிடமிருந்து வாங்கப்பட்டு லாம்ப்டன் வழியாகப் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தது. பீகிங் அரண்மனையில் தூசி படிய வேண்டியது ஆதம்பாக்கம் வேளச்சேரி வெயிலில் கிடந்தது.

தரையில் இழுக்கவில்லை. இருபது அடி நீள மரப் பெட்டிகள் ஐந்தை வரிசையாக முக்காலிகள் மேல் ஏற்றி, திருகுகளால் மட்டம் பார்த்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். பெட்டிக்குப் பெட்டி வெப்பமானி. அளக்க ஒரு சங்கிலி, அது தேய்ந்து நீள்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக இன்னொன்று.

வெப்பமானி எதற்கு? எஃகு சூட்டில் நீளும். நூறு அடிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் காலை எட்டு மணிக்கும் உச்சிப்பொழுதுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வந்தால் சங்கிலிக்கு மூன்றரை மில்லிமீட்டர். நானூறு முறை வைத்தால் ஒன்றரை கெஜம், அதாவது கிட்டத்தட்ட நாலரை அடி. இந்தக் கணக்கை மலை மேல் உட்கார்ந்து போனிலேயே போட்டுப் பார்த்தேன். சும்மா படித்தபோது ஆங்கிலேயரின் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்த வெப்பமானிக்கு இப்போது ஒரு கும்பிடு.

ஏன் இந்த ஒரு கோட்டுக்கு இவ்வளவு? முக்கோணத்தில் ஒரு பக்க நீளமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்கிலேயே பிடிக்கலாம். அந்தப் பக்கங்களை வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. அதற்கப்புறம் சங்கிலியே வேண்டாம், கோணம் அளக்கிற தியோடலைட் போதும். குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம். இப்படியே மேற்கே மங்களூர் வரை போனபோது, நானூறு மைல் என்று நம்பியிருந்த தீபகற்பத்தின் அகலம் முந்நூற்று அறுபதுதான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நாடு காகிதத்தில் காணாமல் போயிற்று. வடக்கே இமயம் வரை போயிற்று. முதல் கோட்டில் ஓர் அடி தப்பினால், 2,400 கிலோமீட்டர் தள்ளி இருநூறு அடி தப்பும். இடையிடையே இதேபோல வேறு நேர்கோடுகள் அளந்து சரிபார்த்துக்கொண்டே போனதால் தப்பவில்லை. அதில் ஒன்று 1809-இல் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

அந்தத் தியோடலைட்டுக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் கேரி செய்தது, மூன்றடி விட்டத்தில் வட்டம், அரை டன் எடை. வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் டெகான் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். சண்டை நடக்கிற காலத்தில்! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது, வட்டம் நெளிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நேராக்கினார். என் டோட்டல் ஸ்டேஷன் ஒருமுறை முக்காலியோடு சாய்ந்தபோது சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அடிவாரத்தில் மோர் குடித்தேன்.

மூன்றாம் நாள்: நுங்கம்பாக்கம், கிண்டி

இன்று நடந்ததைவிட பஸ்ஸில் நின்றதுதான் அதிகம்.

கல்லூரிச் சாலையில் மழைச் செய்தி சொல்கிற மண்டல வானிலை மையம் இருக்கிறதே, அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. வாசலில் விவரம் சொல்லி, அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் பார்க்க முடிந்தது. பதினைந்தடி உயரம் இருக்கும், எடை பத்து டன் என்கிறார்கள். 1792-இல் மைக்கேல் டாப்பிங் கட்டிய சென்னை வானாய்வகத்தின் நடுத்தூண். இதன் தலையில்தான் நட்சத்திரம் பார்க்கும் கருவியை வைத்தார்கள். கட்டடம் ஆடினாலும் கருவி ஆடக்கூடாது என்பதற்காகத் தூணைத் தனியே ஆழத்திலிருந்து எழுப்பியது. லத்தீனோடு தமிழும் தெலுங்கும் அதில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிற கல்வெட்டு. வெட்டியவர்களுக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தி. ஆனால் பாருங்கள், கட்டடம் போய்விட்டது, கும்பினி போய்விட்டது, தூண் நிற்கிறது.

லாம்ப்டன் தன் கோட்டை உலக உருண்டையில் எங்கே பொருத்துவது என்பதற்கு இந்த இடத்தைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். முக்கோணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை ஆணியடித்து மாட்ட ஓர் இடம் வேண்டும் இல்லையா? அந்த ஆணி நுங்கம்பாக்கத்தில். ஆணியிலேயே கொஞ்சம் கோளாறு. அந்தக் காலத்தில் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே இருக்கிறோம் என்பதை வியாழனின் நிலவுகள் மறைவதைப் பார்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. அப்படி வந்த தீர்க்கரேகை, பிற்காலத்தில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 2 கலை 27 விகலை கூடுதல் என்று தெரிந்தது (டிகிரியில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை). தரையில் ஏறக்குறைய 4.4 கிலோமீட்டர். பழைய இந்திய வரைபடங்களில் தீர்க்கரேகையில் இவ்வளவு கழித்துக்கொள்ளவும் என்று அச்சிட்டே இருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பி ஜிபிஎஸ்ஸில் போட்டுப் போனால் நுங்கம்பாக்கத்துக்குப் பதில் மெரினா அலைகளில் நிற்போம். இந்தியா முழுவதும் அந்த வழுவோடுதான் வரையப்பட்டது. ஆனால் உள்ளுக்குள் ஊருக்கும் ஊருக்கும் நடுவே தூரம் சரியாகவே இருந்தது. மொத்த நாட்டையும் ஒரு பாயை இழுத்துப் போடுவதுபோலக் கொஞ்சம் கிழக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

லாம்ப்டனோடு வேலை பார்த்த ஜான் வாரன் பிற்பாடு இந்த வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிச் சந்திர கிரகணத்தைக் கணிப்பதைப் பார்த்து அவர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். கருவி என்றால் பித்தளையும் கண்ணாடியும்தான் என்று யார் சொன்னது?

அதற்கும் எண்ணூறு ஆண்டு முன்னால், 1001 வாக்கில், ராஜராஜன் சோழ நாட்டை அளக்கச் செய்தான். கருவி ஒரு கோல். பதினாறு சாண் கோல், உலகளந்த கோல் என்றெல்லாம் கல்வெட்டில் வரும். கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் கோடாக வெட்டி வைத்திருப்பார்கள், சந்தேகம் வந்தால் போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம். லாம்ப்டன் ஒப்பிடத் தனிச் சங்கிலி வைத்திருந்தாரே, அதே புத்திதான். நிலத்தைப் பின்னத்தில் எழுதுவார்கள்: மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. அதன் கீழும் போகும். வரி வாங்குகிற அரசாங்கத்துக்கு எந்தக் காலத்திலும் கண் கூர்மை.

சேப்பாக்கம் சர்வே ஹவுஸை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இறங்கவில்லை. அப்பா மாற்றல் உத்தரவுக்காக அங்கே ஒரு பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

கிண்டியில் பொறியியல் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தையும் வெளியிலிருந்துதான் பார்த்தேன். 1794-இல் அதே டாப்பிங் கோட்டைக்குள் எட்டுப் பையன்களை வைத்துத் தொடங்கிய சர்வே பள்ளிக்கூடம் வளர்ந்து வளர்ந்து இதுவாக ஆனது. கிண்டிக்கு வந்தது 1920-இல். இன்று கம்ப்யூட்டர் படிக்க அடித்துப் பிடித்துச் சேர்கிற இடத்துக்கு வித்து, வெயிலில் சங்கிலி இழுக்க ஆள் வேண்டியிருந்ததுதான்.

ராத்திரி அப்பாவின் நோட்டைத் தங்கச்சி எடுத்து வைத்திருந்தாள். நீல அட்டை, ரேஷன் கடைக் கணக்கும் சீட்டுப் பணமும் கலந்து எழுதியது. மனை வாங்கிய வாரத்துப் பக்கத்தில் பென்சிலால் ஒரு செவ்வகம். "கி.மே. 92, தெ.வ. 60" என்று எழுதி, 92-க்குப் பக்கத்திலும் 60-க்குப் பக்கத்திலும் சின்னதாக "ப.ச." என்று போட்டிருக்கிறார். கிழக்கு மேற்காக 92 லிங்க், தெற்கு வடக்காக 60. பெருக்கினால் 5,520. ஐந்தரைச் சென்ட், நம் கணக்கில் ஒரு கிரவுண்டு. அதெல்லாம் சரி. ப.ச. என்ன? பட்டா சர்வே? பஞ்சாயத்து சாலை? மாப்பிள்ளை "பச்சை" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள்: சுவர்

சர்வேயர் பத்து மணிக்கு வந்துவிட்டார். முப்பது வயதுக்குள்தான். பைக் பின்னால் கார்பன் கம்பு, தலையில் காளான் மாதிரி ஒரு ரோவர். கூட ஒரு உதவியாளர், கடப்பாரையோடு. கடப்பாரையைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

பக்கத்து மனைக்காரர் மடித்த வேட்டியோடு சுவர் ஓரம் நின்றார். தங்கச்சி பேசவில்லை. காப்பி மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தாள்.

ரோவர் வானத்தைப் பார்த்துச் செயற்கைக்கோள்களைப் பிடிக்கும். நிலையாக நிறுவிய நிலையங்களிலிருந்து திருத்தம் இன்டர்நெட் வழியாக வரும். இரண்டும் ஒத்துப்போனால் திரையில் "ஃபிக்ஸ்" என்று விழும், இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் நிற்கும். ஒத்துப்போகவில்லையென்றால் "ஃப்ளோட்". நம் தெருவில் மூன்று பக்கமும் அடுக்குமாடி, நடுவில் வேப்பமரம். அரை மணி நேரம் ஃப்ளோட்டிலேயே கிடந்தது. பூமியைவிட்டு இருபதாயிரம் கிலோமீட்டர் மேலே சுற்றுகிறவைக்கெல்லாம் தங்கச்சி வீட்டுக் கொல்லை தெரியவில்லை.

"ஓப்பனா இருக்கிற எடத்துல ரெண்டு கல்லு கெடச்சா போதும் சார், அங்கருந்து டேப்ல வந்துரலாம்" என்றார் சர்வேயர். மேற்கு ஓரத்துக் கல்லை நான் வந்த அன்றே பார்த்து வைத்திருந்தேன், துவைக்கிற கல்லோடு கல்லாகக் கிடந்தது. கிழக்குக் கல் சுவர் எழுப்பும்போதே மாயம். புல வரைபடத்தில் தெருமுனையில் ஒரு எல்லைக் கல் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தோம். டிரான்ஸ்ஃபார்மர், குப்பைத் தொட்டி, இட்லிக் கடை. கல் எங்கே?

இட்லிக் கடை ஆயா, "இன்னா தேடுறீங்க?" என்றார்.

சொன்னோம்.

"எங்க ஆத்தாவையா?"

கடைக்குப் பின்னால் வேப்பங்கன்றடியில் முழங்கால் உயரக் கல். மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, எதிரே எலுமிச்சம்பழம். ரோடு போட வந்தவர்கள், சாக்கடை வெட்ட வந்தவர்கள், கேபிள் புதைக்க வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். சர்வேயர் செருப்பைக் கழற்றினார். ஆயாவிடம் அனுமதி வாங்கி, தலையில் மஞ்சளைக் கொஞ்சம் துடைத்தார். வெட்டிய அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. கம்பை அதன் மேல் ஊன்றியதும் ஐந்தே விநாடியில் ஃபிக்ஸ் விழுந்தது. "பாத்தியா" என்றார் ஆயா.

அங்கிருந்து கோடு பிடித்து வந்து கிழக்கு மூலையை ஆணியடித்துக் குறித்தார்கள். கடைசி அளவு டேப்பில்தான். மேற்குக் கல்லிலிருந்து ஆணி வரை 18.56 மீட்டர். புல வரைபடத்தில் 18.6, அதில் ஒரு தசமம்தான் போடுவார்கள். சுவரின் உள்முகம் 18.16-இல் நிற்கிறது. நாற்பது சென்டிமீட்டர், சுமார் இரண்டு லிங்க்.

பக்கத்து மனைக்காரர் சும்மா இல்லை. தங்கச்சி முன்பு எப்போதோ அவரிடம் அப்பாவின் நோட்டைக் காட்டியிருக்கிறாள். "உங்க அப்பாவே 92 லிங்க்னுதான எழுதியிருக்கார்? அது 18.5 மீட்டர்தான். 18.56 எங்கருந்து வந்துச்சு? உங்க அளவே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல" என்றார். ஆள் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். ஆறு சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு நாற்பதை அமுக்கப் பார்க்கிறார். சர்வேயர், நோட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு வரைபடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேல்முறையீடு செய்வேன் என்றார் பக்கத்து மனைக்காரர். செய்யட்டும்.

எனக்குத்தான் அந்த ஆறு சென்டிமீட்டர் உறுத்தியது. அப்பா அளந்தால் தப்பு வராது என்று தங்கச்சி சொல்கிறாள். தொழில்காரன் என்கிற முறையில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் தப்புச் செய்வார்கள்.

சாயந்திரம் மருமகன், சங்கிலி நிஜமாகவே 66 அடி இருக்கிறதா என்று ஸ்டீல் டேப்பை வைத்துப் பார்க்கலாமா என்றான். தெருவில் இழுத்துப் பிடித்தோம். 66 அடி, இரண்டரை அங்குலம். இன்னொரு தடவை இழுத்தோம். அதேதான். லிங்க்குக்கும் லிங்க்குக்கும் நடுவே மூன்று மூன்று வளையம். ஒவ்வொன்றும் நூலிழை தேய்ந்தாலும் கடைசியில் அங்குலக் கணக்கில் நீளும். சங்கிலி நீண்டால் நிலம் சுருங்கும் என்பார் அப்பா. நீண்ட சங்கிலி குறைந்த தடவையில் நிலத்தைக் கடந்துவிடும், நோட்டில் எண் குறையும். இந்த நீட்டத்தோடு 92 லிங்க்கைக் கணக்குப் போட்டால் எவ்வளவு? மருமகனே போட்டான். 18.565.

அப்போதுதான் தங்கச்சி படிக்கட்டில் உட்கார்ந்தபடி சொன்னாள், "அண்ணே, இது ஆபீஸ்ல கழிச்சுப் போட்டதுன்னு சொல்வாங்களே அப்பா. நீண்டு போச்சுன்னு ஏலத்துல விட்டத எடுத்தது."

ப.ச. பழைய சங்கிலி.

ஐந்தாம் நாள்: பெரும்பாக்கம், எழும்பூர்

ராத்திரிதான் ரயில். மத்தியானத்துக்கு மேல் மருமகனோடு பைக்கில் பெரும்பாக்கம் போனேன். லாம்ப்டன் கோட்டின் தென்முனை. குன்று எது என்று நாலு பேரைக் கேட்டோம், நாலு திசை காட்டினார்கள். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் பாதிக்குக் கிடந்தது, நாமக்கோழிகள், ஓரமாக இரண்டு கூழைக்கடா. குன்று மாதிரி தெரிந்தது ஒன்று தூரத்தில். அதில் ஏறிப் பார்க்க நேரமில்லை. ஏறினாலும் 1802-இன் தடயம் எதுவும் கையில் அகப்படும் என்ற ஆசை எனக்கு இல்லை.

இங்கிருந்து பரங்கிமலை தெரிகிறதா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தெரியவில்லை. வடக்கே முழுக்க வாரியக் குடியிருப்பும் ஐடி கம்பெனிக் கண்ணாடிகளும் கிரேன்களும். அன்று இந்த முனையிலிருந்து அந்த முனையைத் தொலைநோக்கியில் பார்க்க முடிந்ததால்தான் கோடே போட முடிந்தது. மருமகன்தான் ஒரு வழி சொன்னான்: "மாமா, பிளேன் எறங்குற எடத்தப் பாருங்க." சரிதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் கட்டடங்களுக்குப் பின்னால் தாழ்ந்து தாழ்ந்து மறைந்தது. மறைகிற இடத்துக்குப் பக்கத்தில் மலை. போனில் திசைகாட்டியைத் திறந்து பிடித்தான். கொஞ்சம்போல மேற்கே சாய்ந்த வடக்கு.

லாம்ப்டன் ஊர் திரும்பவே இல்லை. இருபது வருஷம் முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய், 1823 ஜனவரியில் இன்றைய மகாராஷ்டிரத்தில் ஹிங்கன்காட் என்ற இடத்தில் போகிற வழியிலேயே இறந்தார். மிச்ச வேலை எவரெஸ்டிடம் போனது. மலைக்குப் பெயர் அவருடையதாயிற்று. செயின்மேன்கள் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பை கட்டும்போது சங்கிலியை மருமகனிடமே விடலாமா என்று ஒரு யோசனை. "வேண்டாம் மாமா, மேல்முறையீட்டுக்கு நீங்க வரணும்ல, அப்ப எடுத்துட்டு வாங்க" என்றான். விவரமான பையன்.

எழும்பூரில் பையை ஸ்கேனிங் மெஷினில் விட்டதும் பெல்ட் நின்றது. போலீஸ்கார அம்மா திரையையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

திறந்து காட்டினேன். ஒரு தகட்டைத் தூக்கி விரலால் தடவினார். நாலு பல்.

"நாப்பதா?" என்றார்.

நான் அசந்து நின்றேன். அவருடைய தாத்தா காஞ்சிபுரத்தில் தலையாரியாம்.

"அறுபதாவும் இருக்கலாம் மேடம்" என்றேன். பின்னால் வரிசை கத்த ஆரம்பித்தது.